ஆங்கில இணைப்புச் சொற்களை ஸ்வீடிஷில் சொல்வது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்வீடிஷ் கற்கிற தமிழர்கள் பலர் ஆங்கிலம் வழியாகத்தான் கற்கிறார்கள். பெயர்ச்சொல், வினைச்சொல்லில் பெரிய தொல்லை வராது, அகராதியைத் திறந்தால் கிடைத்துவிடும். சிக்கல் வருவது பட், பிகாஸ், எனிவே, ஆக்சுவலி மாதிரி வாக்கியங்களைக் கோக்கிற சின்னச் சின்னச் சொற்களில். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளையும் நான் சொல்லி வருகிற பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். ஸ்வீடிஷ் சொற்களைக் காதில் விழுகிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். அங்கே 'த' ஒலி நம்முடையது போலவே நாக்கு பல்லில் படும் ஒலி, அதனால் பெரும்பாலும் 'ட' போடாமல் 'த' போட்டிருக்கிறேன்.

ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கும் நேரான ஸ்வீடிஷ் சொல் என்று ஒரு பட்டியல் தந்தால் போதாதா?

தரலாம், ஆனால் அது உங்களைத் தவறான இடத்தில் கொண்டுபோய் விடும். எனிவே என்ற ஒரு சொல் ஆங்கிலத்தில் மூன்று வேலை செய்கிறது, ஸ்வீடிஷில் அந்த மூன்றுக்கும் வேறு வேறு சொற்கள். அதனால் முதலில் கேட்க வேண்டியது இந்தச் சொல் இந்த இடத்தில் என்ன வேலை செய்கிறது என்பதைத்தான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். பல இடங்களில் ஆங்கிலத்தை விட்டுவிட்டு, இதைத் தமிழில் எப்படிச் சொல்வேன் என்று யோசித்தால் ஸ்வீடிஷ் சொல் தானாகக் கிடைக்கிறது. ஆங்கிலம் ஒன்றாகக் குழைத்து வைத்திருப்பதைத் தமிழும் ஸ்வீடிஷும் ஒரே மாதிரி பிரித்து வைத்திருக்கிற இடங்கள் நிறைய இருக்கின்றன. கீழே பார்த்தால் தெரியும்.

பிகாஸ் என்பதற்கு 'தேர்ஃபோர்' சரியா?

இல்லை. மிக அதிகமாக நடக்கும் தவறு இதுதான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 'தேர்ஃபோர்' என்றால் 'அதனால்'. 'தேர்ஃபோர் அத்' என்றால் 'ஏனென்றால்'. அந்தச் சின்ன 'அத்' விடுபட்டால் காரணமும் விளைவும் இடம் மாறிவிடும்.

ஸ்வீடனுக்கு வந்த புதிதில் மகளின் மழலையர் பள்ளிக்கு ஒரு காலை நேரத்தில் அவசரமாகக் குறுஞ்செய்தி அனுப்பினேன்: ஹுன் கொம்மெர் இந்தெ இதா, தேர்ஃபோர் ஹார் ஹுன் ஃபேபெர். அவளுக்குக் காய்ச்சல் என்பதால் இன்று வரமாட்டாள் என்று சொல்ல நினைத்தேன். நான் எழுதியதன் பொருள், 'அவள் இன்று வரமாட்டாள், அதனால் அவளுக்குக் காய்ச்சல்'. ஆசிரியை புரிந்துகொண்டார், விரைவில் குணமாகட்டும் என்று பதிலும் போட்டார். மாலையில் என் செய்தியை மறுபடி படித்தபோதுதான் எனக்கு விளங்கியது. அன்றைக்குப் பிறகு அந்த 'அத்' எனக்கு மறக்கவே இல்லை.

இப்போது இந்தச் சொற்குடும்பத்தை வரிசையாகப் பார்ப்போம். 'யா ஸ்தன்னதெ ஹெம்ம தேர்ஃபோர் அத் யா வார் ஷூக்', அதாவது நான் வீட்டிலேயே இருந்தேன், ஏனென்றால் உடம்பு சரியில்லை. 'எஃப்தெஷொம் யா வார் ஷூக் ஸ்தன்னதெ யா ஹெம்ம' என்றால் உடம்பு சரியில்லாததால் வீட்டில் இருந்தேன். இந்த இரண்டாவது வகை தமிழ்க் காதுக்கு மிக இயல்பாக இருக்கும், காரணம் முன்னால், விளைவு பின்னால். அதனால் தமிழர்களுக்கு நான் முதலில் பழகச் சொல்வது 'எஃப்தெஷொம்' தான். ஆனால் யாராவது 'வர்ஃபோர்?' (ஏன்?) என்று நேராகக் கேட்டால் பதிலை 'எஃப்தெஷொம்' போட்டுத் தொடங்குவது வழக்கமில்லை, அங்கே 'தேர்ஃபோர் அத்' அல்லது பேச்சில் 'ஃபோர் அத்' என்றுதான் தொடங்குவார்கள்.

அப்புறம் 'ஃபோர் அத்' என்பதற்கு இன்னொரு முகம் உண்டு. அதன் பின்னால் எழுவாய் வராமல் வினையின் மூல வடிவம் வந்தால் 'செய்வதற்காக' என்று பொருள். பின்னால் 'யா', 'ஹுன்' என்று ஆள் வந்தால் பெரும்பாலும் 'ஏனென்றால்'. அடுத்த சொல்லைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இணைப்புச் சொல்லில் தொடங்கினால் வாக்கியமே தலைகீழாகிறதே, ஏன்?

ஸ்வீடிஷில் சாதாரண வாக்கியத்தில் வினைச்சொல் இரண்டாவது இடத்தில்தான் உட்காரும். முதல் இடத்தை 'அதனால்', 'மேலும்', 'துரதிர்ஷ்டவசமாக' என்று எது பிடித்துக்கொண்டாலும் எழுவாய் வினைக்குப் பின்னால் போய்விட வேண்டும். ஆங்கிலத்தில் அன்ஃபார்ச்சுனேட்லி என்று போட்டு, காற்புள்ளி வைத்து, பிறகு ஐ கான்ட் கம் என்போம். ஸ்வீடிஷில் 'திவேர் கன் யா இந்தெ கொம்ம'. 'கன்' இரண்டாவது, 'யா' மூன்றாவது, நடுவில் காற்புள்ளி கிடையாது. 'தெஸ்ஸூத்தொம் ரெங்னர் தே', அதாவது 'போதாக்குறைக்கு மழையும் பெய்கிறது', அதிலும் இதே கதைதான். ஆங்கிலத்தை மனதில் வைத்து எழுதிய ஸ்வீடிஷ் கட்டுரையைக் கண்டுபிடிக்க எனக்கு முதல் அடையாளமே அந்தக் காற்புள்ளிதான்.

ஆனால் 'ஒ' (மற்றும்), 'மென்' (ஆனால்), 'எல்லெர்' (அல்லது) போன்றவை இடம் பிடிக்காது, அவை வாசலில் நிற்கிறவை. 'ஸோ' (அதனால்) கூட 'யா வார் ஷூக், ஸோ யா ஸ்தன்னதெ ஹெம்ம' என்று வரும்போது அப்படித்தான். 'தேர்ஃபோர்' வந்தால் புரளும், 'ஸோ' வந்தால் புரளாது. இதை மட்டும் வாய்விட்டு நாலு தடவை சொல்லிப் பழகுங்கள், விதியை மனப்பாடம் செய்வதைவிட அது மேல்.

துணை வாக்கியத்தில், அதாவது 'எஃப்தெஷொம்' போன்ற சொல்லோடு இன்னொரு வாக்கியத்தைச் சார்ந்து வரும் பகுதியில், இன்னொரு மாற்றம். 'இந்தெ' (இல்லை) அங்கே வினைக்கு முன்னால் வந்துவிடும்: 'யா கொம்மெர் இந்தெ எஃப்தெஷொம் யா இந்தெ மோர் ப்ரா', அதாவது உடம்பு சரியில்லாததால் நான் வரவில்லை. முதல் பாதியில் 'கொம்மெர் இந்தெ', இரண்டாம் பாதியில் 'இந்தெ மோர்'. ஸ்வீடிஷ் வகுப்புகளில் இதற்கு 'பிஃப்' விதி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். துணை வாக்கியத்தில் 'இந்தெ' வினைக்கு முன் என்பதைச் சொல்லும் சொற்களின் முதலெழுத்துகள் அவை. பிஃப் என்றால் மாட்டிறைச்சித் துண்டு என்பதால் எல்லோருக்கும் நினைவில் நின்றுவிடுகிறது.

பட் என்றால் 'மென்' என்று படித்தேன். 'ஊத்தன்' எங்கிருந்து வந்தது?

அது அல்ல, இது என்று திருத்தும்போது 'ஊத்தன்'. இந்தெ தே ஊத்தன் கஃபெ: டீ இல்லை, காபி. கவனியுங்கள், தமிழில் இந்த இடத்தில் 'ஆனால்' என்று நாம் சொல்லவே மாட்டோம். 'டீ இல்லை, ஆனால் காபி' என்று யாரும் பேசுவதில்லை. அதுதான் சோதனை. தமிழில் 'ஆனால்' பொருந்தினால் 'மென்', பொருந்தாவிட்டால் 'ஊத்தன்'. இது மட்டுமல்ல, அதுவும்கூட என்று சொல்வதற்கும் இதே சொல்தான், 'இந்தெ பாரா', பிறகு 'ஊத்தன் ஒக்ஸோ'.

இதே 'ஊத்தன்' வேறு இடத்தில் 'இல்லாமல்' என்ற பொருளும் தரும். 'கஃபெ ஊத்தன் மியோல்க்' என்றால் பால் இல்லாத காபி. கடையில் இந்த இரண்டும் ஒரே மூச்சில் வந்தால் குழம்ப வேண்டாம், முன்னால் 'இந்தெ' இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

ஹவெவர்? அகராதியில் 'எமெல்லெட்டீத்' என்று போட்டிருக்கிறது.

போட்டிருக்கும். ஆனால் அது விறைப்பான, காகிதத்துக்கு மட்டுமே உரிய சொல். நண்பருக்கு அனுப்பும் மின்னஞ்சலில் அதைப் போட்டால் நாம் பேச்சில் 'எனினும்' என்று சொல்வது போல இருக்கும். எழுத்தில் சாதாரணமாக 'தொக்' போதும், அதுவும் வாக்கியத்தின் முதலில் வைப்பதைவிட வினைக்குப் பின்னால் செருகினால் அழகு. பேச்சில் வெறும் 'மென்' போதும். வாக்கியத்தை 'மென்' என்று தொடங்கக் கூடாது என்று யாராவது சொன்னால் கவலைப்படாதீர்கள், நல்ல ஸ்வீடிஷ் உரைநடையில் தாராளமாகத் தொடங்குகிறார்கள்.

அரசு அலுவலகக் கடிதம் என்றாலே கனமான சொற்கள் வேண்டும் என்று நம் ஊர்ப் பழக்கத்தில் நினைக்கிறோம். ஸ்வீடனில் 2009-இல் வந்த மொழிச் சட்டம், பொது அலுவலகங்களின் மொழி செப்பமாக, எளிமையாக, புரியும்படி இருக்க வேண்டும் என்றே சொல்கிறது. எனவே உங்கள் கடிதத்தில் 'எமெல்லெட்டீத்' இல்லாவிட்டால் யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள்.

இரண்டை எதிரெதிராக நிறுத்தும்போது மட்டும் 'தேரெமூத்' தேவைப்படும். யா த்ரிக்கெர் இந்தெ கஃபெ. தேரெமூத் த்ரிக்கெர் யா தே. நான் காபி குடிப்பதில்லை, டீ என்றால் குடிப்பேன். அந்த 'என்றால்' தான் 'தேரெமூத்'.

எனிவே?

மூன்று வேலை என்று சொன்னேன் அல்லவா. பேச்சை முடித்து வேறு பக்கம் போகும் 'சரி, எது எப்படியோ' என்றால் 'ஹூர் சொம் ஹெல்ஸ்த்'. 'இருந்தாலும்', 'எப்படியும்' என்ற பொருளில் வந்தால் 'எந்தோ'. உதவி கேட்டீர்கள், அவரால் முடியவில்லை, ஆனாலும் நன்றி சொல்ல வேண்டும், அப்போது 'தக் எந்தோ'. மூன்றாவது 'இ அல்ல ஃபால்', இது முதலிரண்டுக்கும் ஓடும், 'அதுவாவது நடந்ததே' என்ற ஆறுதல் பொருளிலும் வரும். ஒன்றை மட்டும் கற்க நேரம் இருக்கிறது என்றால் 'இ அல்ல ஃபால்' கற்றுக்கொள்ளுங்கள்.

பை த வே பற்றியும் இதோடு கேட்பார்கள். 'ஃபோரெஸ்தென்', அவ்வளவுதான், நம் 'ஆமா, கேக்க மறந்துட்டேன்' மாதிரி.

ஆக்சுவலி என்பதற்கு 'அக்துவெல்' என்று சொல்லலாமா?

கூடாது. 'அக்துவெல்' என்றால் 'தற்போதைய', 'இப்போது பேசப்படுகிற'. அதேபோல 'எவென்துவெல்த்' என்பது ஆங்கில இவென்சுவலி இல்லை, 'ஒருவேளை' என்று பொருள். கூட்டத்துக்கு 'எவென்துவெல்த்' வருகிறேன் என்று ஒருவர் சொன்னால் எப்படியும் வந்துவிடுவார் என்று காத்திருக்காதீர்கள். கடைசியில் என்பதற்குச் சொல் 'தில் ஸ்லூத்', போகப்போக என்பதற்கு 'ஸோ ஸ்மோனிங்கொம்'.

ஆக்சுவலிக்குச் சரியானவை 'ஃபக்திஸ்த்', 'எயென்த்லிகென்' இரண்டும். முதலாவது 'நிஜமாகவே'. எதிர்பார்க்காமல் ஒரு சாப்பாடு பிடித்துப்போனால் 'தே வார் ஃபக்திஸ்த் கொத்'. இரண்டாவது மேலே தெரிவதைத் தள்ளிவிட்டு உள்ளே இருப்பதைக் கேட்பது: 'வா மேனர் தூ எயென்த்லிகென்?', நீ என்னதான் சொல்ல வருகிறாய்? இந்த 'தான்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் கொண்டுவர எவ்வளவு கஷ்டப்படுவோம், ஸ்வீடிஷில் தயாராக இருக்கிறது.

தமிழ் வழியாக யோசித்தால் எளிது என்றீர்களே, இன்னும் சில உதாரணம்?

ஆங்கிலத்தில் 'தென்' என்ற சொல் ஒன்றுதான். தமிழில் 'அப்புறம்' வேறு, 'அப்போது' அல்லது 'அப்படியென்றால்' வேறு. ஸ்வீடிஷிலும் 'சென்' வேறு, 'தோ' வேறு. முதலில் சாப்பிடுவோம், 'சென்' நடக்கப் போவோம். மழை வந்தால், 'தோ' போக மாட்டோம். அப்புறம் என்று தோன்றினால் 'சென்', தவறே வராது.

அட் லீஸ்ட் எடுத்துக்கொள்ளுங்கள். குறைந்தது 5 பேர் என்று எண்ணிக்கை சொன்னால் 'மின்ஸ்த் ஃபெம்'. ஒரு போனாவது பண்ணியிருக்கலாம் என்று ஆதங்கப்பட்டால் 'தூ குந்தெ ஓத்மின்ஸ்தொனெ ஹா ரிங்த்'. நம் 'ஆவது' விகுதி அப்படியே 'ஓத்மின்ஸ்தொனெ' ஆகிறது.

நாட் அன்டில் செவன் என்பது ஆங்கிலத்தில் சுற்றி வளைத்த கட்டு. தமிழில் 'ஏழு மணிக்குத்தான் வந்தேன்' என்று முடித்துவிடுவோம். ஸ்வீடிஷில் இரண்டு வழியும் உண்டு: 'யா கொம் இந்தெ ஹெம் ஃபோரென் க்லொக்கன் ஷூ' என்றும் சொல்லலாம், நம் 'தான்' போல 'ஃபொஷ்ட்' என்ற ஒரே சொல்லை நேரத்துக்கு முன் வைத்தும் சொல்லலாம். ஆனால் மணி ஏழுதான் ஆகிறது, இன்னும் நேரம் இருக்கிறது என்ற 'தான்' இது இல்லை, அதற்கு 'பாரா'.

எனக்கு மிகவும் பிடித்தது ஈவன் இஃப், ஈவன் தோ ஜோடி. ஆங்கிலம் படித்தவர்களே இதில் தடுமாறுவார்கள். தமிழில் 'மழை பெய்தாலும் போவேன்', 'மழை பெய்தும் போனேன்'. 'ஆலும்' வந்தால் பெய்யுமோ பெய்யாதோ தெரியாது, 'உம்' வந்தால் பெய்தே விட்டது. முதலாவது 'ஏவென் ஒம் தே ரெங்னர் கோர் யா', இரண்டாவது 'த்ரொத்ஸ் அத் தே ரெங்னதெ யிக் யா'. 'ஏவென் ஒம்' சில நேரம் உண்மையாக நடந்ததற்கும் வரும், ஆனால் பழகும் காலத்தில் 'ஆலும்', 'உம்' என்ற பிரிவையே பிடித்துக்கொள்ளுங்கள்.

'யூ', 'வேல்', 'நூக்' என்று வாக்கியத்தின் நடுவே ஏதோ வந்துகொண்டே இருக்கிறது. ஆங்கிலத்தில் கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

ஆங்கிலத்தில் இவற்றுக்கு நேர்ச்சொல் இல்லை, அதனால்தான் யூ நோ, ஆஃப்டர் ஆல், ஐ சப்போஸ் என்று எதையோ ஒட்டி விளக்குகிறார்கள். தமிழருக்கு விளக்கவே வேண்டாம்.

'யா ஸா தே' என்றால் அதை நான் சொன்னேன். 'யா ஸா யூ தே' என்றால் நான்தான் சொன்னேனே! அந்த ஈற்று 'ஏ' தான் 'யூ'. உனக்கும் தெரிந்ததுதானே என்ற தொனி. உதட்டை முன்னால் குவித்து, சுருக்கமாக, அழுத்தம் கொடுக்காமல் சொல்ல வேண்டும்.

'தூ கொம்மெர் வேல்?' என்றால் நீ வருவாய்தானே? வருவாய் என்று நினைக்கிறேன், உறுதிப்படுத்து என்ற தொனி. ஆக நம் 'தானே' கேள்வியாக ஒலித்தால் 'வேல்', நினைவூட்டலாக ஒலித்தால் 'யூ'.

'நூக்' கொஞ்சம் வழுக்கும். 'போதும்' என்ற பொருளும் அதற்கு உண்டு, ஆனால் 'ஹன் கொம்மெர் நூக்' என்றால் அவன் வந்துவிடுவான் என்று நினைக்கிறேன். கண்டிப்பாக வருவான் என்று புரிந்துகொள்ளக் கூடாது, நம்பிக்கை மட்டும்தான். மனம் கலங்கியிருக்கும் ஒருவரிடம் 'தே கோர் நூக் ப்ரா', எல்லாம் சரியாகிவிடும், என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள்.

ஒரு எச்சரிக்கை. கேட்பவருக்குத் தெரியாத செய்தியில் 'யூ' போட்டால் 'இதுகூடத் தெரியாதா' என்று ஒலிக்கும். மேலதிகாரிக்கு எழுதும்போதும் முதல் முறை பேசும்போதும் அதைத் தவிர்த்துவிடலாம். மற்றபடி தயங்காமல் பயன்படுத்துங்கள். இந்த மூன்றும் இல்லாத ஸ்வீடிஷ், இலக்கணப் பிழையே இல்லாவிட்டாலும், பாடப்புத்தகத்தை வாசிக்கிற மாதிரி இருக்கும்.

ஆஸ் ஐ செட், டு பி ஹானஸ்ட் போன்றவை?

இங்கேயும் தமிழ் கைகொடுக்கும். 'சொன்ன மாதிரி' என்னும்போது நாம் 'நான்' என்று தனியாகச் சொல்வதில்லை. அவர்களும் அப்படியே, 'சொம் சக்த்'. சுருக்கமாகச் சொன்னால் 'கொட் சக்த்'. இன் அதர் வேர்ட்ஸ் மட்டும் ஆங்கிலத்தோடு ஒத்துப்போகும், 'மெத் அந்த்ர ஊத்'. ஆன் தி அதர் ஹேண்ட் என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றிக் கையை இழுக்காதீர்கள், ஸ்வீடிஷில் நம்மைப் போலப் 'பக்கம்' தான்: 'ஓ ஏன ஸீதன்', ஒரு பக்கம், 'ஓ அந்த்ர ஸீதன்', இன்னொரு பக்கம்.

சந்தேகம் வந்தால் எங்கே பார்ப்பது?

ஸ்வீடிஷ் அகாடமியின் மூன்று அகராதிகளையும் ஒரே தேடலில் இலவசமாகப் பார்க்கும் இணையதளம் இருக்கிறது. சொற்பட்டியல் அகராதி எழுத்துக்கூட்டலுக்கு, 1874-இல் முதல் பதிப்பு வந்தது. பெரிய வரலாற்று அகராதி 2023-இல்தான் முடிந்தது, நமக்கு இப்போதைக்கு வேண்டாம். மூன்றாவதாக உள்ள பொருள் அகராதிதான் நமக்கு, அதில் எடுத்துக்காட்டு வாக்கியங்கள் இருக்கும். பொருளைப் படிக்காமல் அந்த வாக்கியங்களில் சொல் எந்த இடத்தில் நிற்கிறது என்று மட்டும் பாருங்கள்.

கடைசியாக ஒன்று: 'மற்றும்' என்பதை ஏன் 'ஒ' என்று மட்டும் சொல்கிறார்கள்?

எழுத்தில் ஒலிக்காத மெய்கள் இருக்கின்றன, பேச்சில் 'ஒ' மட்டும்தான் மிஞ்சும். ஆங்கில டு போல வினைக்கு முன் வரும் 'அத்' கூடப் பேச்சில் அதே 'ஒ' ஆகிவிடும். காதில் இரண்டும் ஒன்று என்பதால் ஸ்வீடன்காரர்களே எழுதும்போது மாற்றிப் போடுகிறார்கள், நீங்கள் குழம்பினால் தப்பில்லை.

அந்த 'ஒ' இன்னொரு வேலையும் செய்யும். 'ஹன் ஸித்தெர் ஒ லேஸெர்' என்பதை ஆங்கிலத்தில் சொல்லுக்குச் சொல் மாற்றினால் உட்கார்கிறான், படிக்கிறான் என்று இரண்டு செயலாகத் தெரியும். ஆனால் அங்கே நடப்பது ஒரே செயல்: அவன் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறான். பேருந்து நிறுத்தத்தில் ஒருத்தி 'ஸ்தோர் ஒ வென்தர்', நின்று காத்துக்கொண்டிருக்கிறாள். அங்கே 'மற்றும்' போட்டு மொழிபெயர்க்காதீர்கள், நம் வினையெச்சத்தைப் போடுங்கள்.